சாம் போவியை இனியாவது விட்டுவிடுங்கள்

என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் அணிகள் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் மாபெரும் சொதப்பல்கள் என்று வருடம் தவறாமல் பட்டியல் போடுகிற விமர்சகர்களுக்கும், அதைப் பகிர்ந்து சிரிக்கிற ரசிகர்களுக்கும்,

வணக்கம்.

ஜூன் மாதக் கடைசி உங்களுக்கு அறுவடைக் காலம். நியூயார்க்கில் இரவு எட்டு மணிக்கு டிராஃப்ட் தொடங்கினால் நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை. முதல் பெயரை அறிவித்து, பையன் தொப்பியை மாட்டிக்கொண்டு மேடையேறி, கமிஷனரோடு கைகுலுக்கி முடிப்பதற்குள் இங்கே பால்காரர் வந்து போயிருப்பார். அந்த வேகத்திலேயே உங்கள் பட்டியலும் வந்துவிடும். சாம் போவி, டார்கோ மிலிசிச், கிரெக் ஓடன், குவாமி பிரவுன், ஆன்டனி பென்னட். வரிசை மாறும், ஆட்கள் மாற மாட்டார்கள்.

நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு பட்டியல் போட்டவன்தான். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் இன்னும் இருக்கிறது. முதலிடம் போவி, இரண்டு டார்கோ, மூன்று ஓடன். எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் பரீட்சையைத் திருத்துவதற்கு அதற்கு மேல் எதற்கு நேரம்?

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு தேர்வைத் தவறு என்று சொல்வதற்கு முன், அன்றைக்கு அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது, கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று பாருங்கள். அப்புறம் தீர்ப்பு எழுதுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் பாதிப்பேர் விடுதலையாகிவிடுவார்கள். இதுவரை வெளியே சுற்றிக்கொண்டிருந்த சிலர் உள்ளே போவார்கள்.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அங்கே கையில் பணம் இருந்தால் யார்மீதும் கை தூக்கலாம். இங்கே வரிசை. போன சீசனில் அடிவாங்கிய அணிகள் முன்னால் நிற்கும், அதிலும் யார் முதல் என்பதற்குக் குலுக்கல். 1 முதல் 14 வரை எண் போட்ட பந்துகளில் நான்கை எடுப்பார்கள். 2019 முதல், மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்க ஆளுக்கு 14 சதவீதம் வாய்ப்பு. இந்தக் குலுக்கல் வந்தது 1985-இல். அதற்கு முன்பு ஏற்பாடு இன்னும் எளிமை: லீக்கின் கிழக்குப் பிரிவில் கடைசியாக வந்த அணிக்கும் மேற்குப் பிரிவில் கடைசியாக வந்த அணிக்கும் இடையே நாணயம் சுண்டுவார்கள். பூவா தலையா, அவ்வளவுதான்.

போவியின் கதையை அந்த நாணயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் தொடங்குவது மைக்கேல் ஜோர்டனிலிருந்து: பின்னாளில் ஆறு கோப்பை வென்ற அவரை விட்டுவிட்டு, 1984-இல் போர்ட்லண்ட் அணி போவியை எடுத்தது என்று.

1984-இல் மேற்கின் கடைசி அணி ஹூஸ்டன். கிழக்கின் கடைசி அணி இந்தியானா. ஆனால் நாணயம் சுண்டும் இடத்தில் இந்தியானா இல்லை, போர்ட்லண்ட் இருந்தது. காரணம், 1981-இல் இந்தியானா தனக்கு ஒரு சென்டர் (கூடைக்கு அருகில் நின்று ஆடும் நெடிய ஆள்) வேண்டுமென்று போர்ட்லண்டிடமிருந்து டாம் ஓவன்ஸ் என்பவரை வாங்கியது. ஓவன்ஸுக்கு அப்போதே வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு விலையாகக் கொடுத்தது 1984-இன் முதல் சுற்றுத் தேர்வுரிமையை. ஓவன்ஸ் இந்தியானாவில் ஆடியது ஒரே ஒரு சீசன். மூன்று வருடம் கழித்து இந்தியானா அடிமட்டத்துக்குப் போய் விழுந்தபோது, அந்த வீழ்ச்சியின் பலன் போர்ட்லண்டின் பையில் இருந்தது. ஜோர்டன், பார்க்லி, ஸ்டாக்டன் எல்லாம் கிடைத்த ஒரு வருடத்தில் கிழக்கின் கடைசி அணிக்குத் தன் இடத்தில் நின்று தேர்ந்தெடுக்கக்கூட உரிமை இல்லை. உங்கள் பட்டியல் எதிலாவது இந்தியானாவின் பெயர் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் அந்தத் தவறு நடந்தபோது மேடையும் இல்லை, கேமராவும் இல்லை.

நாணயம் ஹூஸ்டன் பக்கம் விழுந்தது. ஹூஸ்டன் எடுத்தது ஹகீம் ஒலாஜுவானை. அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடிய பையன், பிறந்தது நைஜீரியாவில். அவரைக் கொண்டு ஹூஸ்டன் 1994, 1995 என்று இரண்டு கோப்பை வென்றது. ஜோர்டனை விட்டுவிட்டு வேறொருவரை எடுத்த அணி அதுவும்தானே? அதை யாரும் திட்டுவதில்லை. சரிதான், திட்டக் கூடாது. நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் போர்ட்லண்டும் ஒலாஜுவானைத்தான் எடுத்திருக்கும். அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்படி நடந்திருந்தால் போர்ட்லண்டின் தேர்வாளர் ஸ்டூ இன்மனை இன்றைக்கு மேதை என்று கொண்டாடிக்கொண்டிருப்போம். அதே மனிதர், அதே அறிவு, அதே மேஜை. நாணயம் ஒன்றுதான் வேறு.

இரண்டாவது இடத்தில் நின்ற போர்ட்லண்டின் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஜோர்டன் ஆடும் இடத்தில் ஜிம் பாக்ஸன் என்ற ஆல்ஸ்டார் வீரர். அவருக்குப் பின்னால், முந்தைய வருடம்தான் 14-வது இடத்தில் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர். டிரெக்ஸ்லர் எவ்வளவு பெரிய நட்சத்திரம் ஆனார் என்பது உங்களுக்கே தெரியும். இல்லாதது சென்டர். இருந்த வேய்ன் கூப்பரையும் டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு டென்வருக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிகி வான்டவேயை வாங்கியிருந்தார்கள். அந்தக் காலத்துக் கூடைப்பந்தில் நெடிய சென்டர் இல்லாத அணி கோபுரம் இல்லாத கோயில் மாதிரி. தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி எறிதல் வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது, அதை யாரும் பெரிதாக மதிக்கவும் இல்லை. உயரம் இருந்தால் ஆட்டம் இருக்கிறது என்பதுதான் அன்றைய வேதம். போவி 7 அடி 1 அங்குலம். உயரம் மட்டுமல்ல, பந்தை அழகாகக் கைமாற்றத் தெரிந்தவர்.

எனவே ஜோர்டன் இப்படி ஆவார் என்று தெரியாமல் போனதற்காக அவர்களைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஜோர்டன் அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரர், நல்ல ஆட்டக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு கோப்பை என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று தெரியும். போவியின் கால். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டு, கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இரண்டு முழு சீசன்கள் ஆடாமல் உட்கார்ந்தவர் அவர். போர்ட்லண்டுக்கு இது மறைபொருள் இல்லை. வரவழைத்துப் பரிசோதித்தார்கள். ஏழு மணி நேரம் நடந்தது என்று போவி பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2012-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அந்த அறையில் நடந்ததையும் சொன்னார். காலின் முன்னெலும்பில் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னார். இருபத்து மூன்று வயது. வலிக்கிறது என்று சொன்னால் வாழ்க்கை கைநழுவிப் போகும் என்ற நிலையில் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்?

போவியின் தேர்வில் தவறு இருக்கிறதென்றால் அது இங்கே இருக்கிறது. தட்டிய காலுக்குச் சொந்தக்காரனின் வாய்வார்த்தையை நம்பினார்கள். எதிராக இரண்டு வருடச் சரித்திரம் கண்முன்னே இருந்தது. தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எழுதும் தவறு இதுவல்ல. "ஜோர்டனை விட்டுவிட்டார்கள்" என்ற ஒரே வரியோடு நீங்கள் முடித்துவிடுகிறீர்கள்.

முதல் வருடம் 76 ஆட்டங்களில் சராசரியாக 10 புள்ளி, 8.6 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் துள்ளிவரும் பந்தைப் பிடிப்பது). அனைத்துப் புதுமுக அணியிலும் இடம் பெறுகிற அளவுக்கு ஆடினார். பிறகு எலும்பு முறிந்தது. முதலில் இடது, அப்புறம் வலது. 38 ஆட்டம், 5 ஆட்டம், ஒரு வருடம் ஒன்றுமே இல்லை, பிறகு 20 ஆட்டம். 1989-இல் அவரை நியூஜெர்சிக்குக் கொடுத்து பக் வில்லியம்ஸை வாங்கினார்கள். வில்லியம்ஸ் வந்த முதல் வருடமே போர்ட்லண்ட் இறுதிப்போட்டிக்குப் போனது. 1992-இல் மறுபடியும் போனது. அந்த முறை எதிரே நின்றது ஜோர்டன். முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே மூன்று புள்ளி எறிதல்கள் ஆறைப் போட்டுவிட்டு, எனக்கே புரியவில்லை என்பதுபோல் தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்தாரே, அந்தத் தொடர்தான். விதிக்குக் கொஞ்சம் குசும்பு அதிகம்.

இங்கே என் பெரிய மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். தேர்ந்தெடுத்தது இன்மனும் அவர் அணியும். ஆனால் உங்கள் பட்டியலில் படம் போவியுடையது. "மோசமான தேர்வு" என்று எழுதுகிறீர்கள், படிக்கிறவன் "மோசமான ஆள்" என்று புரிந்துகொள்கிறான். போவி தன்னைத் தானே தேர்ந்தெடுக்கவில்லை. உடைந்த கால்களோடு பத்து சீசன், 511 ஆட்டம், சராசரி 10.9 புள்ளி எடுத்தவர். லீக்கில் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கை எட்டாமலே வீடு திரும்பியவர்கள். பெண்ணைப் பெற்றவர்கள் அவசரப்பட்டு வரன் பார்த்துவிட்டு, குடும்பம் சரியில்லை என்றதும் மாப்பிள்ளை ஜாதகத்தைக் குறை சொல்வது போல இருக்கிறது இது.

கிரெக் ஓடன் விஷயத்தில் இந்த அநியாயம் இன்னும் கூடுதல். 2007-இல் போர்ட்லண்டுக்கு முதலிடம் கிடைக்க இருந்த வாய்ப்பு 5.3 சதவீதம்தான். கிடைத்துவிட்டது. ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. ஓடனா, கெவின் டுரான்ட்டா என்ற விவாதம் அப்போதே இருந்தது, மறுக்கவில்லை. டுரான்ட் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராகவே நாட்டின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர், சராசரி 25.8 புள்ளி. மறுபக்கம் டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனையில் 84 கிலோ எடையை மல்லாந்து படுத்து ஒரு தடவைகூட முழுசாகத் தூக்க முடியாதவர். ஓடன் 7 அடி. மணிக்கட்டு அறுவை சிகிச்சை முடிந்து வந்து, வலது கை சரியாகும்வரை இடது கையால் ஃப்ரீத்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல்) போட்டுக்கொண்டிருந்த பையன். கல்லூரி இறுதிப்போட்டியில் அடுத்தடுத்து இரண்டு முறை சாம்பியனாக நின்ற ஃப்ளோரிடாவுக்கு எதிராக 25 புள்ளி, 12 ரீபவுண்ட். அணி தோற்றது, ஆனால் பார்த்தவர்கள் பேசியது ஓடனைப் பற்றித்தான். அன்றைக்கு உங்களில் எத்தனை பேர் டுரான்ட்டை முதலிடத்தில் எழுதினீர்கள்? பழைய ஜூன் இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். நான் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஓடன் என்றுதான் எழுதியிருக்கிறேன், கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

செப்டம்பரில் முழங்காலில் அறுவை சிகிச்சை. முதல் சீசன் போயிற்று. 2009 டிசம்பரில் இன்னொரு காலின் முழங்கால் சில்லு உடைந்தது. அந்த சீசனில் அதுவரை ஆடிய 21 ஆட்டத்தில் சராசரி 11.1 புள்ளி, 8.5 ரீபவுண்ட். போட்ட பந்துகளில் பத்துக்கு ஆறு உள்ளே. ஆடத் தெரியாதவரின் கணக்கு அல்ல அது. போர்ட்லண்டுக்காக அவர் ஆடியது மொத்தமே 82 ஆட்டம், சரியாக ஒரு சீசன் அளவு. பல வருடம் கழித்து ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய், விட்ட படிப்பை 2019-இல் முடித்துப் பட்டம் வாங்கினார். உங்கள் பட்டியலில் அந்த வரி வராது.

டார்கோ விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ் முதலில் போனார். இரண்டாவது டெட்ராய்ட். கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவேன் வேட் மூவரும் அடுத்தடுத்துக் காத்திருக்க, பதினெட்டு வயது நிரம்பி ஆறு நாளே ஆன செர்பியப் பையனை எடுத்தது. இந்த இடத்தில் "அப்போது தெரியாது" என்று நான் வக்காலத்து வாங்க முடியாது. ஆன்டனி அந்த வருடம்தான் சிரக்யூஸ் அணியைக் கல்லூரி சாம்பியன் ஆக்கியிருந்தார். ஊரறிந்த ஆட்டம். டார்கோவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தனிப்பயிற்சிகளில் பார்த்தது, கொஞ்சம் ஐரோப்பிய ஆட்டம், நிறைய எதிர்பார்ப்பு.

ஆனாலும் டெட்ராய்ட் சாதாரணமாக அந்த இடத்தில் நிற்க வேண்டிய அணி இல்லை. அந்த சீசனில் 50 ஆட்டம் வென்று கிழக்கில் முதலிடத்தில் இருந்தது. அதன் கையில் இரண்டாவது இடம் வந்தது வான்கூவர் புண்ணியத்தில். 1997-இல் வான்கூவர் கிரிஸ்லீஸ், ஓடிஸ் தோர்ப் என்ற மூத்த வீரருக்காக வருங்காலத் தேர்வுரிமை ஒன்றைக் கொடுத்திருந்தது. தோர்ப் அங்கே ஒரு சீசனைக்கூட முடிக்கவில்லை. அணி மெம்பிஸுக்குக் குடிபெயர்ந்தது, கடன் கூடவே வந்தது. 2003 குலுக்கலில் முதலிடம் விழுந்தால் மட்டும் மெம்பிஸே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் டெட்ராய்டுக்கு. குலுக்கலில் கடைசியாக எஞ்சிய இரண்டு அணிகளில் ஒன்றாக மெம்பிஸ் நின்றது. ஒரு பக்கம் லெப்ரான், மறுபக்கம் வெறுங்கை. வெறுங்கைதான் வாய்த்தது. போவிக்குப் பின்னால் ஓவன்ஸ், டார்கோவுக்குப் பின்னால் தோர்ப். இப்படி யாரும் கவனிக்காத ஒரு நாளில் போட்ட கையெழுத்துக்கு மூன்று வருடம், ஆறு வருடம் கழித்து வட்டி கட்டியவர்களை நீங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

டெட்ராய்ட் அடுத்த வருடமே லேக்கர்ஸை 4-1 என்று சாய்த்து சாம்பியன் ஆனது. அந்தச் சீசனில் டார்கோ ஆடியது 34 ஆட்டத்தில் மொத்தம் 159 நிமிடம். ஜெயித்துவிட்டோம் என்று உறுதியான பிறகுதான் இறக்குவார்கள். அரங்கத்தில் ஆட்கள் சிரித்துக்கொண்டே அவர் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். கல்யாணம் முடிந்தபின் கொளுத்தும் வெடி மாதிரி. வயது பதினெட்டு, மொழி சரியாக வராது, பயிற்சியாளர் லாரி பிரவுன் இளம் வீரர்களிடம் பொறுமைக்குப் பெயர்போனவர் அல்ல. விழுந்து எழுந்து ஆட்டம் பழகவேண்டிய வயதில் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். எடுத்தது தவறா, எடுத்தபின் வளர்க்காதது தவறா? கோப்பைக்கு ஓடிக்கொண்டிருந்த அணியால் அவரை வளர்த்திருக்க முடியுமா? முடியாது என்றால், வளர்க்க முடியாத அணி பச்சைப் பிள்ளையை எடுத்ததே தவறாகிவிடாதா? நான் இன்னும் சுற்றிச் சுற்றி இங்கேயேதான் நிற்கிறேன். டார்கோ தெளிவாகிவிட்டார். செர்பியாவில் ஆப்பிள் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கிறார்.

இனி என் கையாலேயே ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறேன். 2018, சாக்ரமென்டோ.

லூகா டான்சிச்சுக்கு அப்போது வயது 19. முந்தைய செப்டம்பரில் ஸ்லோவேனியாவோடு ஐரோப்பிய சாம்பியன். மே மாதத்தில் ரியல் மாட்ரிட்டோடு யூரோலீக் சாம்பியன், அந்த லீக்கின் சிறந்த வீரர், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர். ஜூனில் ஸ்பானிய லீக் பட்டமும் சேர்ந்தது. அமெரிக்காவுக்கு வெளியே உலகத்தின் மிகக் கடினமான லீக்கில், முப்பது வயது ஆட்களை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டிய பையன். ஒளிவுமறைவு இல்லை. காலில் விரிசல் இல்லை. தனிப்பயிற்சியில் பார்த்துக் கற்பனை செய்ய வேண்டியதும் இல்லை. சாக்ரமென்டோவின் பொதுமேலாளர் விளாடே டிவாச். தானே ஐரோப்பாவிலிருந்து வந்து பெயர் வாங்கிய செர்பியர். அந்த லீக்கின் தரம் என்ன என்று அமெரிக்கர் யாருக்காவது புரியாமல் போகலாம், டிவாச்சுக்குப் புரியாமல் போக வழியே இல்லை. எடுத்தது மார்வின் பாக்லியை.

பாக்லி மோசமான ஆட்டக்காரர் அல்ல. முதல் வருடம் 14.9 புள்ளி, 7.6 ரீபவுண்ட். அதனால்தான் உங்கள் பட்டியலில் அவர் கீழே எங்கோ நிற்கிறார். என் கணக்கில் இதுதான் முதலிடம். தெரிந்திருந்தும் செய்தது. ஏற்கெனவே டி'ஆரன் ஃபாக்ஸ் பந்தைக் கையில் வைத்து ஆடுகிறார், இன்னொருவர் எதற்கு என்ற காரணம் சொல்லப்பட்டது. பன்னிரண்டு வருடமாகப் பிளேஆஃப் பக்கமே போகாத அணிக்கு இந்தக் கவலை எதற்கு? முதலிடத்தில் இருந்த ஃபீனிக்ஸும் டியாண்ட்ரே எய்ட்டனைத்தான் எடுத்தது. அதுவும், டான்சிச்சின் ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சி கொடுத்துச் சாம்பியன் ஆக்கிய இகோர் கோகோஷ்கோவையே தலைமைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு. ஆனால் ஃபீனிக்ஸ் எய்ட்டனோடு 2021 இறுதிப்போட்டிவரை போய்விட்டது, அதனால் பாதி மன்னிப்பு. சாக்ரமென்டோ பிளேஆஃபைக் கண்ணால் பார்த்தது 2023-இல். அதற்குள் டிவாச்சும் போயிருந்தார், பாக்லியும் போயிருந்தார்.

யாரோடு ஒப்பிடுவது என்பதிலும் உங்களுக்கு ஒரு நியாயம் வேண்டும். 2013-இல் கிளீவ்லண்ட் முதலிடத்தில் ஆன்டனி பென்னட்டை எடுத்தது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. சராசரி 4.2 புள்ளி. மோசம்தான், தோள் அறுவை சிகிச்சை முடிந்து, உடம்பு தேறாமல் வந்த பையனை முதலிடத்தில் எடுத்ததில் அவசரமும் இருந்தது. ஆனால் "யானிஸை விட்டுவிட்டார்கள்" என்று நீங்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பின்னாளில் பெரிய நட்சத்திரமான யானிஸ் அன்டெட்டோகூன்போ அப்போது கிரேக்கத்தில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையன். 15-வது இடத்தில் மில்வாக்கி எடுப்பதற்கு முன் 14 முறை அவரைத் தாண்டிப் போனார்கள். எல்லோரும் தாண்டிப் போனதற்கு ஒருவரை மட்டும் தூக்கில் போடலாமா?

இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் நிகோலா யோகிச். 2014-இல் 41-வது இடம். டெலிவிஷனில் அவர் பெயர் வந்தபோது உணவுக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பாடு மூன்று முறை எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர்), 2023-இல் சாம்பியன். டென்வரின் தீர்க்கதரிசனம் என்று எழுதினீர்கள். அதே டென்வர் அதே இரவில் 16-வது இடத்துத் தேர்வில் பெற்றது யூசுஃப் நுர்கிச்சை. அவரும் சென்டர். யோகிச்சை விட இவர் மேல் என்று நினைத்துத்தானே முதலில் வாங்கினார்கள்? யோகிச்சைத் தவறவிட்டவர்கள் வரிசையில் டென்வரும் ஒரு தடவை நின்றது. அதிர்ஷ்டம், 41-லும் அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

எண் ஒன்று கழுத்தில் தொங்கினால் சுமை அப்படி. 2015-இல் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டாலஸ் 52-வது இடத்தில் எடுத்தது. என்.பி.ஏ.-வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவரை யாராவது சொதப்பல் என்கிறார்களா? நாம் எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

குவாமி பிரவுனைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். 2001-இல் பள்ளியிலிருந்து நேராக வந்து முதலிடத்தில் போன முதல் ஆள். எடுத்தது வாஷிங்டன். அணியின் தலைமை நிர்வாகி மைக்கேல் ஜோர்டன். ஆம், போர்ட்லண்டுக்குக் கண் இல்லை என்று நாற்பது வருடமாக நிரூபித்துக்கொண்டிருக்கும் அதே ஜோர்டன்.

மார்கெல் ஃபுல்ட்ஸை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2017. ஃபிலடெல்ஃபியா தன் மூன்றாவது இடத்தோடு இன்னொரு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்து முதலிடத்தை வாங்கி இவரை எடுத்தது. கல்லூரியில் 23.2 புள்ளி, மூன்று புள்ளி எறிதலில் 41 சதவீதம். அந்தக் கை எங்கே போயிற்று? 2018 நவம்பரில் மயாமியில் ஒரு ஃப்ரீத்ரோ. எதிரே யாரும் இல்லை, அவசரம் இல்லை. பந்தைத் தலைக்கு மேல் தூக்குகிறார். விடப்போகும் கணத்தில் கை நின்றுவிடுகிறது. பந்து ஒரு நொடி தடுமாறி, மறுபடி உந்தித்தான் கையை விட்டுப் போகிறது. அந்தத் துண்டை எத்தனை லட்சம் பேர் பார்த்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன், இரண்டு பேருக்கு அனுப்பியும் வைத்தேன். மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், டிசம்பர் தொடக்கத்தில் மருத்துவர்கள் சொன்னார்கள்: கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்புகள் நெரிபடும் கோளாறு. அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

பாஸ்டன் இறங்கிவந்து மூன்றாவது இடத்தில் எடுத்தது ஜேசன் டாட்டமை. 2024-இல் கோப்பை. ஃபுல்ட்ஸின் நோயை ஃபிலடெல்ஃபியா முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஆனால் இரண்டு இடம் ஏறுவதற்குக் கொடுத்த விலை அவர்கள் தாமாகப் போட்ட விலை. அதற்கு மட்டும் கேள்வி கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

இத்தனைக்கும் பிறகு பட்டியல் போடாமல் உங்களால் இருக்க முடியாது என்று தெரியும். என்னாலும் முடியாது. போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் எடுத்த மேலாளரின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், பையனின் பெயரைச் சிறிதாக. காயம்பட்டவர்களை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். டிராஃப்ட் அன்று நடக்காத தவறுகளுக்கும் இடம் விடுங்கள். டாலஸ் 2018-இல் சாமர்த்தியமாகத் தட்டிக்கொண்டு வந்த டான்சிச்சை 2025 பிப்ரவரியில், இங்கே ஞாயிற்றுக்கிழமைக் காப்பி ஆறுவதற்குள் லேக்கர்ஸுக்குக் கொடுத்ததே, அதற்கு எந்தப் பட்டியல்? அதே டாலஸுக்கு மூன்று மாதம் கழித்து வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் முதலிடம் விழுந்து கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார். அதற்கு எந்தப் பட்டியல்?

இந்த மடலை எழுதும் முன் என் பழைய நோட்டை எடுத்துத் திருத்தினேன். முதலிடத்தில் இருந்த போவியை அடித்துவிட்டு "சாக்ரமென்டோ, 2018, டிவாச்" என்று எழுதினேன். இரண்டாவதில் டார்கோவை அடித்துவிட்டு, "வான்கூவர், 1997, தோர்ப்". அதன் பக்கத்திலேயே இடுக்கில் "இந்தியானா, 1981, ஓவன்ஸ்". மூன்றாவது ஓடன். அவரையும் அடித்தேன். அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். இப்போதைக்குக் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
விடியற்காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கும் ஒரு ரசிகன்